சளிக்குப் பின் திரும்பாத வாசனை: முகர்வுப் பயிற்சியை முறையாகச் செய்வது எப்படி?

சளியும் காய்ச்சலும் விட்டு, மூக்கடைப்பு நீங்கி, உடம்பு பழையபடி ஆன பிறகும் வாசனை மட்டும் திரும்பாமல் இருப்பது, அனுபவித்தவர்களுக்கே முழுதாகப் புரிகிற இழப்பு. சுற்றியிருப்பவர்கள் "வாசனைதானே, தானாக வந்துவிடும்" என்பார்கள். பலருக்குச் சில வாரங்களில் அப்படியே வந்தும் விடுகிறது. வராதவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் 10 மாதங்கள் எனக்கு எந்த வாசனையும் சரியாகத் தெரியாமல் இருந்தது. அந்த மாதங்களில் முதலில் தவறாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்ட முகர்வுப் பயிற்சியைத்தான், அதாவது பாட்டில்களில் எடுத்துவைத்த சில பழகிய மணங்களை நாள்தோறும் கவனத்தோடு முகர்ந்து பழகுவதைத்தான், இங்கே விரிவாக எழுதுகிறேன். எண்ணெயையும் பாட்டிலையும் வாங்கி வைப்பது எளிது. அந்தப் பாட்டிலின் முன் உட்காரும்போது மனம் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் பயிற்சியில் பாதிக்கு மேல். பெரும்பாலான குறிப்புகள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

மூக்கின் உட்கூரையில், ஏறத்தாழ இரு கண்களுக்கும் நடுவே வரும் உயரத்தில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. முகர்வு நரம்பு செல்கள் லட்சக்கணக்கில் அங்கேதான் குடியிருக்கின்றன. அந்தச் செல்களில் மணத்தைப் பிடித்து உணரும் பகுதிகளுக்கு முகர்வு ஏற்பிகள் என்று பெயர்; மனிதர்களிடம் அவை ஏறத்தாழ 400 வகை உண்டு. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு நரம்பு செல் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கியிருக்கும் என்பதால், நாம் 'ரோஜா' என்று உணர்வது தனியொரு செல்லின் செய்தியாக இருப்பதில்லை; பல வகைச் செல்கள் சேர்ந்து மூளைக்கு அனுப்பும் ஒரு கோலம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாசனைகள் திரிந்து வரும் கட்டத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

சாதாரணச் சளி வைரஸ்கள், இன்ஃப்ளுயென்சா, கொரோனா வகை வைரஸ்கள் எல்லாமே இந்தச் சவ்வைத் தாக்கக்கூடியவை. கோவிட் வைரஸ் பெரும்பாலும் நரம்பு செல்களை நேரடியாகத் தாக்காமல், அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே தாக்குகிறது என்று தெரியவந்திருக்கிறது. பலருக்குச் சில வாரங்களிலேயே வாசனை மீண்டதற்கு அது ஒரு காரணம். சேதம் அதைத் தாண்டி நரம்பு செல்கள்வரை போயிருந்தால், அடியில் உள்ள மூலச் செல்களிலிருந்து புதிய நரம்பு செல்கள் உருவாகி, சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக இழைகளை மேலே அனுப்பி, மூளையின் முகர்வுக் குமிழில் சரியான இடத்தைத் தேடிப் பிடித்து இணைய வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். உடம்பில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நரம்பு செல்கள் மிகச் சில. அவற்றில் இவையும் சேர்த்தி என்பதுதான் நம்முடைய நம்பிக்கைக்கு அடிப்படை.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் எது போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்பும் இனிப்பும் புளிப்பும் தெரிந்தால் நாக்கு நன்றாக இருக்கிறது என்று பொருள். "ருசியே போய்விட்டது" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குப் போனது வாசனைதான். மெல்லும்போது வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணமே நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு. அடுத்து, பழச்சுவை மிட்டாய் ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்று, பாதியில் மூக்கை விடுங்கள். விட்ட கணத்தில் பழத்தின் சுவை குபீரென்று மேலெழுந்தால் அந்தப் பின்வழி வேலை செய்கிறது; இனிப்பைத் தவிர வேறு எதுவும் கூடவில்லை என்றால் அதுவும் வேலை செய்யவில்லை.

இரண்டு முதல் நான்கு வாரங்களில் மாற்றம் இல்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. பாலிப் (மூக்கினுள் வளரும் சதை), சைனஸ் அழற்சி, ஒவ்வாமை போன்றவற்றாலும் வாசனை போகும். அவற்றுக்கான சிகிச்சை வேறு. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ இரத்தமோ தண்ணீர் போன்ற கசிவோ இருந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வாசனை போயிருந்தாலும், பார்வைக் கோளாறு, கடுமையான தலைவலி, கை நடுக்கம், ஞாபக மறதி ஆகியவை உடன் வந்தாலும், சளி எதுவும் பிடிக்காமலேயே வாசனை மெல்ல மெல்லக் குறைந்து வந்திருந்தாலும் தாமதிக்காமல் போக வேண்டும்.

மூக்கில் இன்னும் சளி தங்கியிருந்தால், பயிற்சிக்கு முன் உப்புநீரால் கழுவிக்கொள்ளலாம். 250 மில்லிலிட்டர் நீருக்கு ஏறத்தாழ 2 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு போதும். நீர் கட்டாயம் கொதிக்கவைத்து ஆறியதாகவோ காய்ச்சி வடித்ததாகவோ இருக்க வேண்டும். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடுவதால் மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று ஏற்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. ஆகவே இதில் சமரசம் வேண்டாம்.

பாட்டில்களும் முகரும் முறையும்

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் இன்றைய முகர்வுப் பயிற்சி பரவியது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு மணங்களை, காலையும் மாலையும், 12 வாரங்கள் முகரச் செய்தார்கள். பூ, பிசின், பழம், மசாலா என்று வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த நான்கும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று கிடைக்காவிட்டால் அதே வகையில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நோய்க்கு முன் உங்களுக்கு நன்றாகப் பழகிய மணமாக இருப்பது முக்கியம். ஏனென்றால் நினைவிலிருந்து நீங்கள் அதை வரவழைக்க வேண்டியிருக்கும்.

அகன்ற வாயும் இறுக்கமான மூடியும் உள்ள நான்கு சிறிய கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் அடர்ந்த கண்ணாடியாக இருந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடாது. உள்ளே தடித்த காகித வட்டமோ பஞ்சோ வைத்து, அந்தந்த மணத்துக்குரிய எண்ணெயைச் சில துளிகள் விட்டு, பெயரெழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீட்டில் வாசனை தெரிகிற ஒருவரை மாதம் ஒருமுறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மணம் மங்கியிருந்தால் புதிதாக எண்ணெய் விடுங்கள். நாமே சரிபார்க்க முடியாத விஷயம் இது. நான் ஆறு வாரங்கள் வீரியம் போன எலுமிச்சை எண்ணெயை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது, வீட்டுக்கு வந்த ஒருவர் பாட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லையே" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. எண்ணெய் தோலிலோ மூக்கிலோ நேரடியாகப் படக்கூடாது. இந்த எண்ணெய்களை, குறிப்பாக யூகலிப்டஸ் எண்ணெயை, குழந்தைகள் விழுங்கினால் ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முகரும்போது ஆழமாக ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். முயல் மூக்கை அசைப்பதுபோலச் சிறு சிறு முகர்ச்சிகளாக, 15 முதல் 20 வினாடிகள் வரை முகருங்கள். பிறகு பாட்டிலை மூடி, அரை நிமிடம் இயல்பாக மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கும் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. காலையில் ஒன்றும் சாப்பிடுவதற்கு முன்பும், இரவு படுக்கும் முன்பும் என்று நேரத்தை நிலைப்படுத்திக்கொண்டால் விட்டுப்போகாது.

இனி, நான் தவறவிட்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதங்கள் நான் பாட்டிலை மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு, மறு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து குடிப்பதுபோல, முகர்ந்தால் போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று நினைத்தேன். முகர்வு என்பது மூளை ஒரு கோலத்தைப் பழைய நினைவோடு பொருத்திப் பார்க்கும் வேலை; பொருத்திப் பார்க்க நினைவைக் கொண்டுவராவிட்டால், வருகிற மெல்லிய சமிக்ஞையும் கவனிக்கப்படாமல் போய்விடும். ஆகவே மூடியைத் திறக்கும் முன் பெயரைப் படியுங்கள். கண்ணை மூடி, கிராம்பு என்றால், பல்வலிக்காகக் கடித்தபோது ஈறு மரத்துப்போனதையோ, சூடான பானத்தில் அது மிதந்ததையோ, உங்களுக்கென்று இருக்கிற ஒரு குறிப்பிட்ட நிகழ்வை வரவழையுங்கள். அதன் பின் முகர்ந்து, 'தெரிகிறதா' என்று கேட்காமல், 'என்ன மாறுகிறது' என்று கவனியுங்கள். கூர்மையா, மந்தமா, கனமா, உலர்ந்ததா என்று ஏதாவது ஒரு சொல் கிடைத்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு முதலில் திரும்பிய அறிகுறி கிராம்பிலிருந்துதான் வந்தது. அதைக் கிராம்பு மணம் என்று சொல்லவே முடியாது. காலி பாட்டிலுக்கும் இந்தப் பாட்டிலுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் தெரிந்தது; இருட்டறையில் யாரோ நிற்கிறார்கள் என்று உணர்வதுபோல, மூன்றாவது முகர்ச்சியில் வந்து ஐந்தாவதில் மறைந்துவிட்டது. மறுநாள் அதுவும் வரவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. மீட்சி பெரும்பாலும் இப்படித்தான் வந்து வந்து போகும் என்பதால், ஒரு நாளை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

முன்னேற்றத்தை நேர்மையாக அளப்பது

யூகலிப்டஸ் ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். அதில் உள்ள குளிர்ச்சியை முகர்வு நரம்பு உணர்த்துவதில்லை. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் முப்பெருநரம்பு உணர்த்துகிறது. மிளகாயின் காரம், மென்தாலின் குளிர்ச்சி, அம்மோனியாவின் குத்தல் ஆகியவற்றை உணர்த்துவதும் அதுவே. வாசனை முற்றிலும் போனவருக்கும் யூகலிப்டஸ் 'தெரிவது' இதனால்தான். அதை வைத்துத் தேறிவிட்டோம் என்று மகிழ்ந்து, பிறகு மனம் உடைந்துபோவதைத் தவிர்க்க, சோதனையில் மட்டும் அந்தப் பாட்டிலை ஒதுக்கி வையுங்கள்.

மாதம் ஒருமுறை, மற்ற மூன்று பாட்டில்களையும் பெயர் தெரியாமல் மறைத்து, வீட்டில் ஒருவர் தன் விருப்பப்படி கலைத்துக் கலைத்து நீட்டட்டும். ஒவ்வொன்றும் நான்கு முறை வரும்படி 12 முறை முகர்ந்து பெயர் சொல்லுங்கள். வெறும் ஊகத்திலேயே சராசரியாக 4 சரியாக வரும். 8 அல்லது அதற்கு மேல் வருவது ஊகத்தில் அரிது. இந்த எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மருத்துவமனைகளில் செய்யப்படும் முறையான சோதனைகளும் இதே தத்துவத்தில் அமைந்தவைதாம்: அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான சோதனையில், சுரண்டி முகரும் 40 அட்டை மணங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நினைவை நம்பினால், போன மாதம் எப்படி இருந்தது என்பதை மனநிலைதான் தீர்மானிக்கும். மெல்ல வரும் முன்னேற்றத்தை நோட்டு மட்டுமே காட்டும்.

12 வாரங்களோடு நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியை நீட்டித்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. குறைந்தது ஆறு மாதம் என்று மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணங்களையும் மாற்றி, இரண்டாம் சுற்றில் மென்தால், தைம் என்ற மூலிகை, ஆரஞ்சு வகைப் பழம், மல்லிகை என்று கொடுத்துத் தொடர்ந்தவர்கள், ஒரே நான்கை முகர்ந்துகொண்டிருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மாற்றுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: சலிப்பு குறையும், சலிப்பு குறைந்தால் கவனம் நிற்கும்.

வாசனைகள் திரிந்து வரும்போது

பலருக்கு இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து, வாசனை திரும்பத் தொடங்கும் நேரத்தில், எல்லாம் தவறாகத் திரும்பும். காபி சாக்கடைபோலவும், வெங்காயம் அழுகல்போலவும், பற்பசைகூடக் கருகிய ரப்பர்போலவும் வீசும். முன்பு சொன்ன கோலத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: பல வகைச் செல்களில் சில மட்டுமே மீண்டு இணைந்திருப்பதால், மூளைக்கு அரைகுறைக் கோலம் போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கரின் குழு, காபியின் மணத்தைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து நோயாளிகளை முகரச் செய்து, அருவருப்பைத் தூண்டுவது எது என்று தேடியது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் முதன்மையாகச் சிக்கியது 2-ஃபியூரான்மெத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். நலமானவர்களுக்குக் காபியின் நறுமணமாகத் தெரிகிற அதே பொருள் அது. வறுத்தவை, பொரித்தவை, வெங்காயம், பூண்டு, முட்டை, சாக்லேட் எல்லாம் ஒரே நேரத்தில் வில்லனாவதற்கு இப்படிப்பட்ட கந்தக, நைட்ரஜன் சேர்மங்கள் அவற்றில் இருப்பதே காரணம்.

இந்தக் கட்டம் எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும், பெரும்பாலும் நரம்பு வளர்கிறது என்பதற்கான அடையாளமாகவே மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். பயிற்சியை விடாதீர்கள். ஒரு மணம் குமட்டினால் பாட்டிலைத் தள்ளிப் பிடியுங்கள், நேரத்தைக் குறையுங்கள், தாங்கவே முடியாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஆறியதும் குளிர்ந்ததும் உங்களுக்கு நண்பர்கள், ஏனெனில் சூடு ஏற ஏற ஆவியும் கூடும். வறுப்பதற்குப் பதில் வேகவைத்து, வெங்காயமும் பூண்டும் தவிர்த்து, மணம் குறைந்த உணவுகளாகத் தேர்ந்தெடுங்கள். சமைக்கும் நேரத்தில் வேறு அறையில் இருங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாசனை திரியாமல் வெறுமையாக மட்டும் இருப்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல் வரும்: ருசி போதாமல் உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போடத் தோன்றும். அதற்குப் பதிலாக மொறுமொறுப்பு, காரம், புளிப்பு, சூடு குளிர்ச்சி மாற்றம் என்று, வாசனை தேவைப்படாத உணர்வுகளைத் தட்டில் கூட்டுங்கள்.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை

பயிற்சி பலன் தர மாதங்கள் ஆகும். ஆபத்து இன்றே இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லாததால், கசிவு தெரியவேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை நமக்கு எட்டாது. புகை எச்சரிக்கைக் கருவியும் எரிவாயுக் கசிவுக் கருவியும் பொருத்துங்கள். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே கருவி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது, அதற்குக் கூரைக்கு அருகில் வேண்டும். அடுப்பில் ஏதாவது இருக்கும்போது சமையலறையை விட்டு வெளியேறாதீர்கள். மீந்த உணவில் தேதி எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் வாயில் வைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பிளீச்சையும் கழிவறை அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், எழும் குளோரின் வாயு நெஞ்சை எரிக்கும்வரை உங்களுக்குத் தெரியாது. கைக்குழந்தை இருந்தால் டயப்பரை நேரக் கணக்கு வைத்துப் பாருங்கள். தன் உடம்பு நாறுகிறதோ என்ற அச்சம் பலரை வெளியே போகவிடாமல் செய்கிறது. குளியல், உடை மாற்றம், சென்ட் எத்தனை முறை அடிப்பது என்பதையெல்லாம் ஓர் ஒழுங்காக வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

மனச்சோர்வையும் இதே வரிசையில் வைக்கிறேன். முகர்வின் பாதை மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிப் பிணைந்திருப்பதால், தன் குழந்தையின் கழுத்தோரம் எந்த மணமும் இல்லாமல் போவது ஒருவரை உண்மையிலேயே உலுக்கும். அப்படி உலுங்கினால் அது பலவீனம் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் உதவி கேளுங்கள்.

மருந்துகள் பற்றி

வைரஸால் போன வாசனையை உறுதியாக மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஸ்டீராய்டு கரைசலால் மூக்கைக் கழுவுவதைச் சில மருத்துவர்கள் பயிற்சியோடு சேர்த்துப் பரிந்துரைப்பதுண்டு. அதை மருத்துவர் உங்கள் மூக்கைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், பக்கவிளைவுகள் கடுமையானவை. துத்தநாகம் கலந்த மூக்கு மருந்துகளை அறவே தொடாதீர்கள்: அப்படிப்பட்ட சில சளி மருந்துகளால் வாசனையே நிரந்தரமாகப் போகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. கருக்கிய பழத்தை உண்டால் ஒரே நாளில் திரும்பும் என்பது போன்ற வைத்தியங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை. புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது, எந்த மருந்தையும்விட நம் கையில் இருக்கிற காரியம்.

ஓராண்டு ஆகியும் நோட்டில் எண் ஏறவில்லை என்றால், நோட்டோடு மருத்துவரிடம் போய் முறையான முகர்வுச் சோதனையைக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலும் மெல்லத் தேறியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் பயிற்சியைத் தொடர்வதில் இழப்பில்லை; நாளுக்கு இருமுறை முடியாவிட்டால் ஒருமுறையாவது, கண்ணை மூடி, பெயரைச் சொல்லி. எரிவாயுக் கருவியையும் புகைக் கருவியையும் மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்து, அந்தத் தேதியையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்.